ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்? செவிலியம் ஒரு தொழிலான கதை

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நடந்தபோது ஒன்பது நாள் வார்டில் துணைக்கு இருந்தேன். தினமும் காலை ஏழரை மணிக்கு, இரவு டூட்டி முடிக்கிற சிஸ்டரும் பகல் டூட்டிக்கு வந்த சிஸ்டரும் கட்டில் கட்டிலாக நின்று வருவார்கள். “பதினொன்றரைக்குத் தூங்கினாங்க. ரெண்டே காலுக்கு வலின்னு எழுந்தாங்க, ஊசி போட்டேன். நாலு மணிக்கு மேலதான் மறுபடி தூக்கம். யூரின் 350. முதுகுப் பக்கம் லேசா சிவந்திருக்கு, திருப்பிப் படுக்க வைக்கணும்.” ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். “நைட் நல்லா தூங்கினீங்களாம்மா?” என்பார். அம்மா தலையை ஆட்டி, “நல்லா தூங்கினேன் டாக்டர்” என்பார். டாக்டரிடம் குறை சொல்லக் கூச்சப்படும் தலைமுறை அது. டாக்டர் சிரித்தபடி ஃபைலைப் புரட்டுவார். ராத்திரி என்ன நடந்தது என்பது அதில்தான் இருந்தது.

இந்தக் காட்சியைக் கிட்டத்தட்ட இப்படியே 1859இல் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ நூலில், நோயாளியை எப்படிக் கவனித்துப் பார்ப்பது என்று ஒரு பகுதி உண்டு. ‘ராத்திரி நன்றாகக் கழிந்ததா’ என்று கேட்டுப் பயனில்லை என்கிறார் அவர். பத்து மணி நேரம் தூங்கினால்தான் நல்ல ராத்திரி என்று ஒரு நோயாளி நினைப்பார். அவ்வப்போது கண்ணயர்ந்தாலே போதும் என்று இன்னொருவர் நினைப்பார். இருவரும் சொல்லும் ‘ஆமாம்’ ஒன்றாகாது. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நேரத்தில் விழித்தார் என்று கேட்க வேண்டும். அதைவிட, தானே பார்த்திருக்க வேண்டும்.

நைட்டிங்கேல் என்றால் நமக்குக் கையில் விளக்குதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் படித்தோம். அந்தப் படத்தில் பொய் இல்லை, ஆனால் அது கதையின் சிறு துண்டு. செவிலியம் ஒரு தொழிலாக எழுந்து நின்றது இந்த மாதிரிக் கேள்விகளின் மேல்தான் என்பது என் எண்ணம். பார்த்ததைப் பார்த்தபடி குறிப்பது, தான் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்வது, அதற்கென்று படித்தவர் என்று உலகம் ஒப்புக்கொள்வது. இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் போராட்டம் நடந்திருக்கிறது.

வேலை என்னவோ மிகப் பழையது. ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து கவனிப்பவன். அப்படி நான்காவதாக ஒருவர் வேண்டும் என்பது நமக்கு எப்போதோ தெரியும். ‘செவிலி’ என்ற சொல்லும் சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த சொல்தான். நர்ஸுக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது அதை எடுத்துக்கொண்டோம். அழகான சொல். ஆனால் வளர்ப்புத் தாய்க்குப் பயிற்சிப் பள்ளியும் பதிவேடும் கிடையாது. சம்பளம் பேசுவதும் இல்லை. அந்தத் தாய்மை வாசனை இன்றுவரை இந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை.

ஐரோப்பாவில் இந்த வேலை பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள் கையில் இருந்தது. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் மடங்கள் மூடப்பட, ஆஸ்பத்திரி வேலை கூலிக்கு வரும் ஏழைப் பெண்களிடம் போனது. வசதி உள்ளவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம், ஆஸ்பத்திரி கதியற்றவர்களுக்கு. தரை துடைப்பதும் கட்டுப் போடுவதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தன. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

முதல் மாற்றம் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் கைசர்ஸ்வெர்த்தில் தொடங்கியது. 1836இல் தியடோர் ஃபிளீட்னர் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஃபிரீடரிக்கேவும் புராட்டஸ்டண்ட் பெண்களைச் சேர்த்து, நோயாளிகளைக் கவனிக்க முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்ணான நைட்டிங்கேல், குடும்பத்தின் எதிர்ப்பைத் தாண்டி 1851இல் அங்கே சுமார் மூன்று மாதம் இருந்தார். நாம் இன்றும் நர்ஸை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவது இந்த மதச் சகோதரிகளின் வழியாக வந்ததுதான்.

இரண்டு ஆண்டு கழித்து, லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் முதலில் கேட்டவை: ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி, எந்த நோயாளி மணி அடித்தார் என்று உடனே தெரியும்படி ஒரு அழைப்பு மணி. நர்ஸ் மாடிப்படியில் ஏறி இறங்குகிற நேரமெல்லாம் நோயாளியின் பக்கத்தில் இல்லாத நேரம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். போர்க்கால ஆஸ்பத்திரி இருந்த ஸ்குட்டாரிக்குப் போகும் முன்பே இந்தக் கணக்கு அவரிடம் இருந்தது.

சரி, ஸ்குட்டாரிக்கு வருவோம். 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஒரு பக்கம், ரஷ்யா எதிர்ப்பக்கம். காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், ஸ்குட்டாரியில் இருந்த ஒரு பெரிய படைமுகாமில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கிருந்த அவலத்தை ‘டைம்ஸ்’ பத்திரிகை சுடச்சுட வெளியிட்டது. பிரெஞ்சுப் படைக்குக் கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்களே, நமக்கு ஏன் யாரும் இல்லை என்ற கேள்வி இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் தனக்குப் பழக்கமான நைட்டிங்கேலுக்கு எழுதினார். 1854 அக்டோபர் 21 அன்று 38 பெண்களோடு அவர் கிளம்பினார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள், 14 பேர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்கள், மற்றவர்கள் ஆங்கிலிக்கன் சபைகளைச் சேர்ந்தவர்கள். நவம்பர் 4ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள்.

ராணுவ டாக்டர்கள் அவர்களை வார்டுக்குள் விடவில்லை. நைட்டிங்கேல் சண்டை போடவில்லை. டாக்டர் கூப்பிடாமல் யாரும் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது என்று தன் ஆட்களுக்கே உத்தரவு போட்டு, துணி தைக்க உட்கார வைத்துவிட்டார். கூட வந்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளே இன்கர்மன் சண்டை நடந்து, காயம்பட்டவர்கள் வந்து குவியத் தொடங்கினார்கள். டாக்டர்களே கூப்பிட்டார்கள். அந்தப் பொறுமைதான் செவிலியருக்கு ராணுவ ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்தது. டாக்டர் சொன்னால்தான் நர்ஸ் அசைய வேண்டும் என்ற வழக்கத்துக்கும் அது வலுச் சேர்த்தது. அதன் பாரத்தை இன்றைய செவிலியர்கள் வரை சுமக்கிறார்கள்.

உள்ளே போனதும் அவர் கையில் எடுத்தது சமையலறை, சலவை, சரக்கு. அங்கே இறைச்சியைப் பெரிய செப்புக் கொப்பரைகளில் வேக வைப்பார்கள். எந்தத் துண்டு எந்தக் குழுவுடையது என்று தெரிய அதில் ஏதாவது ஒரு அடையாளத்தைக் கட்டிப் போடுவார்கள். முதலில் போட்டது வெந்து நைந்திருக்கும், கடைசியாகப் போட்டது பச்சையாகவே வெளியே வரும். வயிற்றுப்போக்கில் கிடப்பவனுக்கும் அதுவே சாப்பாடு. சட்டை, கரண்டி எல்லாம் வீரன் தன் மூட்டையில் கொண்டுவருவான் என்பது சட்டம். மூட்டையைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. நைட்டிங்கேல் டைம்ஸ் வாசகர்கள் கொடுத்த நிதியில் சட்டையும் துண்டும் வாங்கினார். ஒரு வீட்டை எடுத்துக் கொதிகலன் வைத்து, வீரர்களின் மனைவிமாரைச் சம்பளத்துக்குத் துவைக்க வைத்தார். பத்தியச் சாப்பாட்டுக்குத் தனி அடுப்பு போட்டார்.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஏறிக்கொண்டே போய், 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவுக்கு வந்தது. பெரும்பாலானவர்களைக் கொன்றது குண்டுக்காயம் அல்ல. காலரா, டைஃபஸ், சீதபேதி. முகாம் கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றிருந்தது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. சாக்கடைகளைக் கழுவி விட்டார்கள், ஜன்னல்களைத் திறந்து காற்று வர வைத்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், குடிநீர் வரும் வாய்க்காலில் கிடந்த செத்த குதிரையை எடுத்துப் போட்டார்கள். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகு புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்குகளைப் பார்த்தபோதுதான் இந்த வரிசை நைட்டிங்கேலுக்கு முழுதாக உறைத்தது. தன் கண்ணெதிரே செத்தவர்களில் பெரும்பாலோர் தடுக்கக்கூடிய காரணத்தால் செத்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை, வரைபடமாகவே போட்டார். 1858இல் வெளியான, பூவிதழ் போல விரியும் அந்த வட்ட வரைபடத்தில் ஒவ்வொரு இதழும் ஒரு மாதம். நீல நிறம் தடுத்திருக்கக்கூடிய சாவு. படத்தில் நீலம் எல்லாவற்றையும் விழுங்கிக் கிடக்கும். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதில் சேர்ந்த முதல் பெண் அவர். செவிலியத்தின் அடித்தளத்தில் ஒரு தோல்விக் கணக்கும் இருக்கிறது என்பதை அந்த நீல நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதே போரில் இன்னொரு பெண்ணும் இருந்தார். ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல், காலரா, மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளைக் கவனித்த அனுபவசாலி. அரசு அனுப்பிய குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் கப்பலேறி, கிரிமியாவில் பாலக்லாவா அருகே ‘பிரிட்டிஷ் ஹோட்டல்’ என்று ஒரு விடுதி போட்டு, வீரர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தார். சண்டை நடந்த களத்துக்கே போய்க் கட்டுப் போட்டார். கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். ஒரு தொழில் உருவாகும்போதே யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போட்டுவிடுகிறார்கள் என்பதற்கு அவர் கதை சாட்சி.

நைட்டிங்கேல் பெயரில் மக்கள் திரட்டிய நிதி 44 ஆயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதை வைத்து 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 15 பேர்தான் முதல் அணி. ஒரு வருடப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, ஆண்டுக்கு 10 பவுண்டு. இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. பயிற்சிக்கான பணம் மருத்துவமனையிலிருந்து வரவில்லை, நிதியிலிருந்து வந்தது. செவிலியர்களுக்குத் தலைமை டாக்டரோ நிர்வாகியோ இல்லை. மேட்ரன், அதாவது அதே வேலை தெரிந்த ஒரு பெண். அந்த மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர். செவிலியரின் வேலையை எடைபோடும் அதிகாரம் இன்னொரு செவிலியரிடம் வந்தது அங்கேதான்.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. அதே மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவர் ஜான் ஃபிளின்ட் சவுத், நர்ஸ்கள் வீட்டு வேலைக்காரிகளைப் போன்றவர்கள், அவர்களுக்குப் பெரிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை என்று 1857இலேயே எழுதியிருந்தார். ஆனால் பள்ளியின் மாதாந்திரப் படிவத்தைப் பார்த்தால் கற்க எவ்வளவு இருந்தது என்று தெரியும். புண்ணுக்குக் கட்டுவது, ரத்தம் உறிஞ்ச அட்டை விடுவது, எனிமா கொடுப்பது, அசைய முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி காய்ச்சுவது, நோயாளியைக் கவனித்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பீடு. நேரம் தவறாமை, நம்பகம், சுத்தம் என்று நடத்தைக்கு இன்னொரு பக்கம்.

சொன்னபடி எல்லாம் நடந்துவிடவும் இல்லை. 1870களின் தொடக்கத்தில் நைட்டிங்கேல் உள்ளே புகுந்து விசாரித்தபோது, வகுப்புகள் சரியாக நடக்கவில்லை, மாணவிகளை வார்டு வேலைக்கு மலிவான ஆட்களாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரிந்தது. திருத்தங்கள் செய்தார். அதற்குள் அவருடைய மாணவிகள் உலகெங்கும் போகத் தொடங்கியிருந்தார்கள்: லூசி ஆஸ்பர்ன் 1868இல் சிட்னிக்கு, பிறகு ஆலிஸ் ஃபிஷர் ஃபிலடெல்ஃபியாவுக்கு. ஆக்னஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் ஏழையர் விடுதியின் மருத்துவமனையை எடுத்து நடத்தி, மூன்றே ஆண்டில் டைஃபஸ் தொற்றி இறந்துபோனார். 1873இல் அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் மூன்று இடங்களிலும் இதே மாதிரிப் பள்ளிகள் வந்தன. மலிவு உழைப்பு என்ற நோயும் கூடவே போனது. பள்ளி வைத்தால் வார்டுக்கு இலவச ஆள் கிடைக்கும் என்பது எல்லா மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது.

‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ நூலைப் படிக்கிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அது நர்ஸ்களுக்கான பாடநூல் கிடையாது. வீட்டில் யாரையாவது கவனிக்க வேண்டியிருக்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. தேநீர்க் கோப்பையின் அடிப்பக்கம் ஈரமில்லாமல் இருக்கட்டும் என்பார். இல்லையென்றால் நோயாளி கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் படுக்கையில் சொட்டும். சாப்பிடாத தட்டைப் பக்கத்திலேயே விட்டு வைக்காதீர்கள் என்பார். படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமாகாது, கவனிப்பின் குற்றம் என்பார். இவற்றுக்கெல்லாம் நடுவே இருக்கிறது அந்த நூலின் உயிர்: நீங்கள் அங்கே இருக்கும்போது செய்வதெல்லாம், நீங்கள் இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். தியாகம் செய்து ராப்பகலாக ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதை அவர் பெருமையாக நினைக்கவில்லை. என் அம்மாவின் கட்டிலருகே நடந்த அந்த ஒரு நிமிட ஹேண்ட் ஓவருக்கு வேர் இங்கே இருக்கிறது.

அறிவியல் வேகமாக ஓடியபோது நைட்டிங்கேல் கொஞ்சம் பின்தங்கினார். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கையை அவர் லேசில் விடவில்லை. அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநாசினி அறுவை முறை 1867இலேயே வெளியாகியிருந்தது. இன்னொரு பக்கம் வெப்பமானி வந்தது. முன்பு அது ஒரு அடி நீளம், உடம்புச் சூடு காட்ட இருபது நிமிடம் எடுக்கும். 1860களின் பிற்பகுதியில் ஆல்பட் என்ற ஆங்கில மருத்துவர் ஆறு அங்குலத்துக்குச் சுருக்கினார். ஐந்து நிமிடம் போதும். ஜெர்மனியில் வுண்டர்லிக் என்ற மருத்துவர், காய்ச்சல் ஏறி இறங்குவதை வரைபடமாகப் பதிந்து காட்டினார். நாளுக்குப் பல முறை அளந்து எழுத டாக்டருக்கு நேரம் ஏது? கருவி நர்ஸின் கைக்கு வந்தது. கட்டில்காலில் தொங்கும் சார்ட்டில் கோடு போடுகிறவர், அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று தெரிந்தவராகவும் ஆனார். வேலைக்காரி என்ற பேச்சை மேடைப் பேச்சுகளைவிட அந்தக் கோடுதான் அதிகம் தேய்த்தது என்பேன்.

அப்புறம் பதிவேட்டுச் சண்டை. எத்தெல் பெட்ஃபர்ட் ஃபென்விக் 24 வயதிலேயே செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் ஆனவர். 1887இல் திருமணமாகி வேலையை விட்டதும், பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டுப் பயிற்சி, தேர்வு, அரசுப் பதிவேடு வேண்டும். அதில் பெயர் இல்லாதவர் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றார். எதிர்த்தவர் யார் தெரியுமா? நைட்டிங்கேலேதான். நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது, ஒருமுறை பதிந்துவிட்டால் காலத்துக்கும் தகுதி என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். இருவர் பக்கமும் உண்மை இருந்தது. ஆனாலும் நான் ஃபென்விக் பக்கம். குணத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் சம்பளத்தையும் உரிமையையும் பேசவே முடியாது. நியூசிலாந்து 1901இல் சட்டம் போட்டது. 1902 ஜனவரி 10 அன்று எலன் டஹர்ட்டி அங்கே முதல் பதிவுபெற்ற செவிலியர் ஆனார். பிரிட்டனில் 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்குடையது.

சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. அன்னியரின் மலத்தையும் ரத்தத்தையும் தொடும் வேலை என்பதால் சாதி பார்க்கும் வீடுகள் பெண்களை அனுப்பவில்லை. நெடுங்காலம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே இதைத் தாங்கினார்கள். மதராஸ் மாகாணம் 1926இல் செவிலியர் பதிவுக்குச் சட்டம் போட்டது. 1946இல் வெளியான, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கையின் கணக்கில் நாடு முழுக்க இருந்தவர்கள் சுமார் 7,000 செவிலியர்கள். 43 ஆயிரம் பேருக்கு ஒருவர். அதே ஆண்டு வேலூரிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது.

பதிவேடு வந்தாலும் மலிவு உழைப்பு போய்விடவில்லை. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் அரசு வேலைக்கு எடுக்கப்பட்ட செவிலியர்கள், மாதம் 7,700 ரூபாயில் தொடங்கியவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். சேவை செய்ய வந்தவர்கள் இப்படித் தெருவில் உட்காரலாமா என்று அப்போது என் காதுபடவே பேசினார்கள். செயின்ட் தாமஸ் மாணவிகள் சம்பளம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அம்மா இருந்த வார்டில் ராத்திரி முப்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். முதுகு சிவந்திருக்கிறது என்று சொன்னாரே, அவர் அதைப் பார்த்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று ஃபைலைப் புரட்டினேன். அந்த ராத்திரிக்கான பக்கத்தில், நீல மையில், நேரம் போட்டு எழுதியிருந்தது: 3.40, இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன்.